மலை இல்லாத ஊரில்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்தால் கோபுரங்கள் தெரியும், தென்னந்தலைகள் தெரியும், செல்போன் டவர்கள் தெரியும். மலை தெரியாது. சுற்றுவட்டாரத்தில் பெயரிலாவது மலையை வைத்திருப்பது சுவாமிமலைதான். அதுவும் மனிதர்கள் எழுப்பிய கட்டுமலை. தமிழ் வருஷத்துக்கு ஒன்றாக அறுபது படி ஏறினால் முருகன் சந்நிதி வந்துவிடும்.

இந்த ஊரில், 2007 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, 212 பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்து 'இயற்கைக் காட்சி' வரையச் சொன்னோம். இரண்டு மணி நேரம் கழித்துத் தாள்களை வாங்கி அடுக்கினோம். 131 தாள்களில் மலை இருந்தது.

எல்லாம் ஒரே மலை. இரண்டு முக்கோணம், நடுவே பாதிச் சூரியன், ஸ்கேல் வைத்து இழுத்த கதிர்கள். அடிவாரத்திலிருந்து நெளிந்து வரும் ஆறு. கரையில் ஓட்டு வீடு, வீட்டின் மேல் சாய்ந்த தென்னை, வானத்தில் 'வி' போட்ட நாலு பறவை. நான் அச்சாபீஸ் நடத்துகிறவன். ஒரே பிளாக்கை மாட்டி 131 பிரதி ஓட்டியது போல இருந்தது.

அன்றைக்கு அதில் ஒரு தப்பும் எனக்குப் படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த 131-இல் யாருடைய மலை நேர்த்தி என்று பார்த்துத்தான் முதல் பரிசு கொடுத்தோம்.

*

எங்கள் கிளை நூலகத்துக்கு ஒரு வாசகர் வட்டம் உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். கவியரங்கம் வைப்போம், பட்டிமன்றம் வைப்போம். வந்தவர்களில் பாதிப் பேர் மேடையில் இருப்பார்கள். "புள்ளைங்க நூலகத்துக்குள்ள காலெடுத்து வைக்கிற மாதிரி ஏதாவது பண்ணுங்களேன்" என்று நூலகர் அம்மா கேட்டார். ஓவியப் போட்டி என்று நான் வாயைத் திறந்தேன். யோசனை சொன்னவன் தலையிலேயே வேலையைக் கட்டுவது எல்லா ஊருக்கும் பொது. தவிர, என்னிடம் தாள் இருந்தது.

வீட்டில் அண்ணன் வரைந்து கொடுத்த படத்தைச் சட்டைக்குள் சுருட்டிக் கொண்டுவந்து மாற்றிவிடுவார்கள் என்று அனுபவப்பட்டவர்கள் எச்சரித்திருந்தார்கள். ஆப்செட் வந்த பிறகும் ரசீதுப் புத்தகங்களுக்காக ஒரு பழைய ட்ரெடில் மெஷினை நான் விற்காமல் வைத்திருந்தேன். நம்பர் போடவும் துளைக்கோடு அடிக்கவும் அதை மிஞ்ச ஆளில்லை. போட்டித் தாளையும் ரசீதுப் புத்தகம் மாதிரியே அடித்தேன். இடது ஓரம் மூன்று விரல் அகலத்துக்கு அடிக்கட்டை. அதில் பெயர், வகுப்பு, பள்ளி. துளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் படத்துக்கான இடம். பின்புறம் நூலக முத்திரை. அடிக்கட்டைக்கும் படத்துக்கும் ஒரே எண். நம்பரிங் மெஷினின் இரும்புச் சக்கரம் ஒவ்வொரு அடிக்கும் டக்கென்று ஒரு பல் நகரும்: 0001, 0002, 0003. படத்தை வாங்கும்போது அடிக்கட்டையைக் கிழித்து எடுத்துக்கொள்வோம். நடுவருக்கு எண் மட்டும்தான் தெரியும். டாக்டர் வீட்டுப் பிள்ளையா, டீக்கடைப் பிள்ளையா என்பது தெரியாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பெருமை.

இடம்தான் பிரச்சினை. வாசலில் கீற்றுப் பந்தல் போட்டால் செலவு குறைவு. ஆனால் 2004 ஜூலையில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. கீற்றின் கீழே பிள்ளைகளை உட்கார வைக்க இங்கே யாருக்கும் மனம் வராது. கூடம், தாழ்வாரம், மாடிப்படி என்று கான்கிரீட்டுக்கு அடியில் கிடைத்த மூலையிலெல்லாம் பாய் விரித்தோம். பாதிப் பேர் குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்தார்கள். பரீட்சை அட்டை கொண்டுவராத ஒருத்தி முன்னால் இருந்தவன் முதுகில் தாளை வைத்து வரைந்தாள். அவன் சிரித்தபோதெல்லாம் அவளுடைய ஆறு கூடுதலாக நெளிந்தது.

நடுவர்கள் மூன்று பேர். தலைமை, உதவி பெறும் பள்ளியொன்றின் டிராயிங் மாஸ்டர். மதிப்பெண் தாளை நான்தான் அச்சடித்தேன்: தூய்மை 10, வண்ணம் 10, அளவுப் பொருத்தம் 10, தலைப்பு 10. அழுக்குப் பட்ட படம், கோடு தாண்டி வண்ணம் போன படம், முடிக்காத படம் என்று முதல் சுற்றிலேயே ஒரு கட்டு ஓரமாகப் போனது. அந்தக் கட்டில் 0147 ஒன்று.

தாளின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை. பச்சை முடிகிற இடத்தில் ஒரு பழுப்புக் கோடு. கோட்டின் மேல் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு ஆள், தலையில் எதையோ கவிழ்த்துக்கொண்டு. அதற்கு மேல் தாள் முழுக்கப் பென்சிலைச் சாய்த்து லேசாகத் தீற்றியிருந்தது. வேறொன்றும் இல்லை.

"நேரம் பத்தலை போலிருக்கு. பாதியிலேயே விட்டுட்டான்" என்றார் மாஸ்டர். நானும் தலையாட்டினேன்.

*

பரிசளிப்பு நாளில் முதல் பரிசு வாங்கிய ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"மலை பாத்திருக்கியா பாப்பா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி இவ்வளவு அழகா வரைஞ்சே?"

என்னை அவள் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். "சீனரின்னா மலைதானே சார்."

வீட்டுக்கு வந்தும் அந்தப் பதில் விடவில்லை. இந்த மலை எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் நாலைந்து கிணறு இருந்தது. வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டும் படம். கடையில் விற்கும் டிராயிங் புத்தகம். போட்டோ ஸ்டூடியோக்களில் முதுகுக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலை. மளிகைக்கடைக்காரர் கொடுக்கும் சிவகாசி காலண்டர். அந்தக் காலண்டரின் அடியில் கடைப் பெயரை அச்சடித்துக் கொடுத்து வருஷா வருஷம் காசு பார்த்தவர்களில் நானும் ஒருத்தன்.

எல்லாவற்றுக்கும் மேல் நாங்கள் கொடுத்த பரிசு. மலை வரைந்தவளுக்குத் தட்டும் டம்ளரும் கிடைத்தால், அடுத்த வருஷம் எல்லாப் பிள்ளையும் மலைதான் வரையும். போட்டி வைத்தால் ஊரில் ஒளிந்திருக்கும் திறமை வெளியே வரும் என்று துண்டறிக்கையில் நானே வாக்கியம் கோத்திருந்தேன். நடந்தது வேறு. என்ன கேட்டோமோ அதைப் பிள்ளைகள் சரியாகக் கொடுத்தார்கள். எங்களுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

*

அடுத்த ஆண்டு, ஊரிலிருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து முடித்த ஒரு பெண்ணை நடுவராக அழைத்தோம். சிற்பம் படித்தவர். துண்டறிக்கை மாதிரியைப் பார்த்ததும் முதல் வரியிலேயே பேனாவை வைத்தார்.

"தலைப்பை மாத்துங்க சார். இயற்கைக் காட்சின்னு கேட்டா சீனரிதான் வரும். அதுங்க தினமும் பாக்கறதைக் கேளுங்க."

'எங்கள் வீட்டு அடுப்படி' என்று வைத்தோம். போட்டி அன்று தலைப்பைக் கரும்பலகையில் எழுதியதும் கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது. கால் மணி நேரம் ஒருவரும் தாளில் கை வைக்கவில்லை. அடுப்படிக்கு யாரும் போர்டில் போட்டுக் காட்டிய மாதிரி கிடையாதே. ஒரு பையன் எழுந்து, "சார், அடுப்படிலேருந்து ஜன்னல் வழியா மலை தெரியிற மாதிரி வரையலாமா?" என்றான். தெரிந்தால் வரையலாம் என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

பிறகு வந்த படங்களை இன்றைக்கும் மறக்க முடியாது. சிலிண்டருக்குப் பக்கத்தில் விறகடுப்பும் இருந்தது. ஒற்றை அறை வீடுகளில் அடுப்புக்கு எதிரே அரசு கொடுத்த கலர் டி.வி. இருந்தது. அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்ட பாட்டி, மேடைக்கு அடியில் பூனை, ஆணியில் ரேஷன் பை. ஒரு பையன் வீட்டு அடுப்படியில் சமைத்துக்கொண்டிருந்தது அப்பா. அம்மா எங்கே என்று நான் கேட்கவில்லை.

நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் படத்தில் நடுவர்களுக்குள் சண்டை வந்தது. அறையை மேலே இருந்து பார்ப்பது போல நாலு சுவரும் நாலு பக்கம் விரிந்து கிடந்தன. சுவரோரத்துச் சாமான்கள் ஒவ்வொன்றும் அந்தந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்தன. நடுவில் அம்மா மட்டும் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். குழம்புச் சட்டிக்கு உள்ளே கரண்டியும் மூன்று முருங்கைக்காய்த் துண்டும் தெரிந்தன, சட்டி கண்ணாடியால் செய்தது போல.

"இதுல பெர்ஸ்பெக்டிவே இல்லையே" என்று மாஸ்டர் தள்ளி வைத்தார்.

அந்தப் பெண் அதை மறுபடி மேசைக்கு இழுத்தார். "சட்டிக்குள்ள முருங்கைக்காய் இருக்குன்னு அதுக்குத் தெரியும் சார். தெரிஞ்சதை ஏன் மறைக்கணும்?" இந்த வயதில் பிள்ளைகள் கண்ணுக்குப் படுவதை வரைவதில்லை, தாங்கள் அறிந்ததை வரைகிறார்கள் என்று விளக்கினார். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் இதை வயது வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறாராம். உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி வரைவது, நின்ற சுவரைப் படுக்கப் போடுவது எல்லாமே ஏழிலிருந்து ஒன்பது வயதின் இயல்பான வழி.

மாஸ்டர் முகம் இறுகிவிட்டது. அதைக் கவனித்த அந்தப் பெண் பேச்சை உள்ளூருக்குத் திருப்பினார். "நம்ம இராமசாமி கோயில் பிரகாரத்துல இராமாயணம் எழுதியிருக்காங்களே, அதுல இராமர் எத்தனை இடத்துல வர்றார்? அடுத்தடுத்து வர்றார். யாரும் ஏன்னு கேக்கறதில்லை. தஞ்சாவூர் பெரிய கோயில் உள்சுற்றுல சோழர் காலத்து ஓவியத்துல சுந்தரர் கதையும் அப்படித்தான். கல்யாணத்துல ஓலையைக் காட்டி வழக்கு நடக்குது, அதே சுவர்ல அவர் யானையில ஏறிக் கைலாசத்துக்கும் போறார். அவங்களுக்குப் பெர்ஸ்பெக்டிவ் வரலைன்னா சொல்வோம்?"

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. டீ வந்தது, குடித்தோம். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். "ஃப்ரீஹேண்ட் லோயர், ஹையர் ரெண்டு பரீட்சையும் எழுதித்தான் சார் இந்த வேலைக்கு வந்தேன். ஜாடி வரையணும். இடது பக்கமும் வலது பக்கமும் ஒண்ணா இருக்கணும். நூல் பிசகினா மார்க் போச்சு. முப்பது வருஷமா அந்த ஜாடியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்." அவர் மேல் எனக்கிருந்த சின்ன எரிச்சல் அத்தோடு போயிற்று. அவர் கண்ணை ஒரு பரீட்சை பழக்கியது போல, என் கண்ணை அச்சுத்தொழில் பழக்கியிருந்தது. கோணல் தெரிந்தால் தாளைக் கழித்துவிடுவேன்.

முருங்கைக்காய்ப் படத்துக்குப் பரிசு கொடுத்தோம். மாஸ்டர்தான் எழுந்து அறிவித்தார்.

*

பிள்ளைகளைச் சமாளிப்பது சுலபம். பெற்றோர்கள்தான் பாடு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து ஒரு வானொலி நிலையமே நடக்கும். "டேய், ஓரத்துல வெள்ளை விடாதே." "பாப்பா, அம்மாவுக்குச் சேலை மஞ்சள் போடு, எடுப்பா இருக்கும்." வீட்டுக்குப் போய்வாருங்கள் என்றால் கோபம் வரும். 2009-இல் நூலகர் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை இனாமாகக் கேட்டு வாங்கி, பெற்றோருக்கும் அதே நேரத்தில் போட்டி என்று அறிவித்தார்.

நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். நீளமான சாப்பாட்டு மேசைகளில், பந்திக்கு இலை போட்டது போலத் தாள் போட்டோம். ஜன்னல் வானொலி நின்றது. ஸ்கூட்டர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் பென்சிலைப் பிடித்த அப்பாக்கள் பக்கத்துத் தாளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். 'நீங்கள் விரும்பியதை வரையலாம்' என்பதுதான் தலைப்பு.

சாயங்காலம் எண்ணினேன். பாதிக்கு மேல் மலை. நடுவில் சூரியன்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது எங்களுக்கு. ஆனால் ஒரு அம்மா தாளைக் கொடுக்கும்போது சொன்னதை அந்தச் சிரிப்போடு சேர்க்க முடியவில்லை. "ஆறாவதுல வரைஞ்சது சார். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் பென்சிலைத் தொட்டேன். கை அதையேதான் போடுது."

*

நாலாவது வருஷம் வண்ணப்பெட்டி. எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் பாரபட்சம் ஒழிந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். ஆனால் 48 நிறப் பெட்டி வைத்திருப்பவன் படத்துக்கும், பாதி ஒடிந்த 12 கிரேயானை அக்காவோடு பங்கு போட்டவள் படத்துக்கும் வித்தியாசம் பத்தடி தூரத்திலேயே தெரியும். வண்ணத்துக்கு என்று நாங்கள் வைத்த 10 மதிப்பெண் பெட்டியின் விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. எண் அடித்துப் பெயரை மறைத்தேன், காசை மறைக்கவில்லை.

அந்த ஆண்டு எல்லாப் பெட்டிகளையும் வாசலில் வாங்கி வைத்துவிட்டோம். உள்ளே பாய்க்குப் பாய் ஒரே சாமான்: பென்சில், அடுப்புக்கரி, செங்கல் தூள், கரைத்த மஞ்சள், ஒரு கிண்ணம் சுண்ணாம்பு, அவரை இலை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆரத்தி பார்த்த பிள்ளைகள்தானே. முதல் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். மஞ்சள் கூடினால் ஒரு சிவப்பு, சுண்ணாம்பு கூடினால் வேறு சிவப்பு என்று கிண்ணத்தைச் சுற்றிப் பெரிய ஆராய்ச்சி. வெள்ளைச் சட்டைகளின் கதி என்ன ஆனது என்பதை மறுநாள் அம்மாக்கள் எனக்கு அச்சாபீஸ் வாசலில் நின்று தெரிவித்தார்கள். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. அந்த வருஷத்துப் படங்களில் இப்போது கரியும் செங்கலும் இருக்கின்றன, மஞ்சள் இருந்த இடம் வெளுத்துவிட்டது.

*

பரிசு பற்றிய தகராறு 2011-இல் வந்தது. கிளப்பியவர் அதே சிற்பம் படித்த பெண்தான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடந்த ஒரு சோதனையைச் சொன்னார். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்று மூன்று பேர் செய்து 1973-இல் வெளியிட்டது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் கொள்ளை ஆசை. ஒரு கூட்டத்திடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களைப் பரப்பி வைத்துவிட்டுக் கவனித்தார்கள். ஆசை காட்டி வரைய வைக்கப்பட்ட பிள்ளைகள், மற்ற இரண்டு கூட்டத்தைப் போலப் பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள்.

"ஒலிம்பிக்லயே ஓவியத்துக்குப் பதக்கம் குடுத்திருக்காங்க சார், 1912-லேருந்து 1948 வரைக்கும். அந்தப் படம் ஒண்ணாவது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பதக்கம் கொடுத்ததே அன்றுதான் தெரியும்.

பரிசே வேண்டாம் என்றால் கூட்டம் வராது என்றார் வட்டத் தலைவர். அதிலும் நியாயம் இருந்தது. சான்றிதழில் 'மாவட்ட அளவில்' என்று ஒரு வார்த்தை சேர்த்து அடித்துத் தர முடியுமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்ட அப்பாக்கள் உண்டு. கடைசியில் ஒரு சமரசம் செய்தோம். வருகிற எல்லோருக்கும், முன்னால் சொல்லாமல், போகும்போது ஒரு கோடு போடாத நோட்டு. கட்டிங் மெஷினில் மிஞ்சும் ஓரத்தாள்களைச் சேர்த்துத் தைத்தது. எனக்குச் செலவு நூலும் பசையும்தான். மூன்று பரிசு இருக்கட்டும். ஆனால் எண்ணில் மதிப்பெண் கிடையாது. ஏன் இந்தப் படம் என்று நடுவர் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும், அதை மேடையில் படிக்க வேண்டும்.

இந்த ஒரு வாக்கியம் நடுவர்களை என்ன பாடு படுத்தியது! 'நல்ல கலரிங்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற வாக்கியம் செல்லாது. படத்தை நெருங்கிப் பார்த்தால்தான் எழுத முடியும் என்று ஆனபோது, ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு ஒரு நாள் பிடித்தது. அந்த ஆண்டு முதல் பரிசுக்கு மாஸ்டர் எழுதியது இது: 'இந்த வீட்டில் எல்லோரும் நாற்காலியில் இருக்கிறார்கள், பாட்டி மட்டும் தரையில் இருக்கிறாள்.' கைதட்டல் வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

மாஸ்டர் அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். அவரிடம் படித்த பையன் ஒருவன் அரசுப் பள்ளியில் ஓவியம் கற்பிக்கச் சேர்ந்தான். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்களே, அதில் ஒருவன். வாரத்துக்கு மூன்று அரைநாள். மீதி நாள் பெயின்ட் கடையில் நிறம் கலந்தான். தன் பள்ளிப் பிள்ளைகளை அவன் எங்கள் போட்டிக்கு டவுன் பஸ்ஸில் கூட்டி வருவான், டிக்கெட் அவன் காசு.

*

2015 நவம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை மூழ்கிய அந்தப் பருவத்தில் டெல்டாவிலும் நாள் கணக்கில் ஊற்றியது. ஒரு கல்யாண வீட்டுக்குப் பத்திரிகைக் கட்டைக் கொடுக்க நாச்சியார்கோயில் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊருக்கு மொபெட்டில் போனேன். கட்டைப் பாலிதீனில் சுற்றி வயிற்றோடு வைத்து மேலே மழைக்கோட்டு. வழியில் வண்டி நின்றுவிட்டது. ஒதுங்க ஒரு மரமில்லை. இரண்டு பக்கமும் சம்பா வயல்.

நின்றபடியே நிமிர்ந்து பார்த்தேன். கீழே இரண்டு விரல் பச்சை. பச்சை முடிகிற இடத்தில் ஒரு வரப்பு. வரப்பின் மேல் வெகு தூரத்தில், உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தார். அதற்கு மேல் எல்லாம் வானம், பென்சிலைச் சாய்த்துத் தீற்றிய மழை.

வயிற்றில் கட்டியிருந்த பத்திரிகை நனைகிறதா என்றுகூடப் பார்க்கத் தோன்றவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை, இயற்கைக் காட்சி வரையச் சொன்னதும் தன் ஊரை அப்படியே வரைந்திருக்கிறது. 212 பேரில் எத்தனை பேர் அப்படிச் செய்தார்களோ, எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. இந்த ஒன்று கண்ணில் பட்டும், முடிக்கவில்லை என்று கழித்துக் கட்டினோம். எங்கள் மண்ணில் முக்கால் தாள் வானம்தான். அது காலி இடம் இல்லை.

அன்று இரவே அச்சாபீஸ் பரணில் ஏறினேன். படங்களைத் திருப்பித் தரும் வழக்கம் முதல் வருஷம் எங்களிடம் இல்லை, கட்டிப் போட்டிருந்தேன். மூன்றாவது கட்டின் நடுவில் 0147 கிடைத்தது. ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. ஆள் இருந்தார், வரப்பு இருந்தது.

பெயர் இல்லை. பரிசு பெற்றவர்களின் அடிக்கட்டைகளை மட்டும் கோப்பில் வைத்துவிட்டு, மீதியைக் கழிவுத்தாளோடு எடைக்குப் போட்டவன் நான்தான். நடுவருக்குப் பெயர் தெரியக்கூடாது என்று நான் செய்த ஏற்பாடு அவ்வளவு கச்சிதமாக வேலை செய்திருந்தது. அந்த வருஷம் கலந்துகொண்ட பள்ளிகளில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்களிடமெல்லாம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அப்போது எட்டாவது படித்திருந்தால் இன்று கல்லூரியே முடித்திருக்கும், ஆணோ பெண்ணோ. படம் நன்றாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவன் நான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

*

2019 வரை பதின்மூன்று போட்டிகள் நடத்தினோம். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது, பிறகு நூலகர் அம்மா மாறுதலாகிப் போனார், எனக்கும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இப்போது அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா என்று பெரிய அளவில் நடக்கிறது; 2022-இல் தொடங்கியது. சந்தோஷம். நகர்நல மன்றம், அரிமா சங்கம், அடுக்ககச் சங்கம் என்று ஆளுக்கொரு ஓவியப் போட்டி வைக்கிறார்கள். அழைப்பிதழ் அச்சடிக்க இன்னும் சிலர் என்னிடம் வருகிறார்கள். வந்தவர்களை உட்கார வைத்து நாலு விஷயம் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

இயற்கைக் காட்சி, உலக அமைதி, பசுமைப் பூமி என்றெல்லாம் தலைப்பு வைக்காதீர்கள். பிள்ளை நேற்று பார்த்ததைக் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே வண்ணத்தைக் கொடுங்கள். பரிசு பெறாத படங்களையும் ஒரு வாரம் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, பிறகு கையில் திருப்பிக் கொடுங்கள். முடிக்கவில்லை என்று எந்தப் படத்தையும் ஒதுக்குமுன், வரைந்த பிள்ளையைக் கூப்பிட்டு, இது என்ன என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டிருந்தால் 'மழை சார்' என்று அது சொல்லியிருக்கும்.

அடிக்கட்டைகளை எறியாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். 0147-ஐச் சட்டம் போட்டு என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் யார் வரைந்தது என்று கேட்கிறார்கள். எண்ணைத்தான் சொல்ல முடிகிறது.